எருமைக்கு ஒரு ரோஜா மாலை

சோளக்கொல்லைப் பாதையில் காவல் நின்ற நாய் சூரன், பசுக்கள் வந்தால் வாலை ஆட்டி வழிவிடுவான். எருமைகள் வந்தால் மட்டும், "வாயைத் தொற!" என்று அதட்டுவான். திருட்டுச் சோளம் தின்றதா என்று மோந்து பார்த்த பிறகுதான் விடுவான்.

நிறபேதத்தை ஒழிக்கச் சிங்க ராஜா நிதி ஒதுக்கினார். அது காவல் நாய்களிடமே வந்து சேர்ந்தது. பந்தல் போட்டு, 'கறுப்பும் வெளுப்பும் ஒன்றே' என்று பலகை மாட்டி, தடபுடலாக விழா எடுத்தன. மயிலி என்ற கிழட்டு எருமைக்கு மாலை போடும் பொறுப்பு சூரனுக்கு.

ரோஜா மாலையோடு நெஞ்சை நிமிர்த்தி மேடை ஏறினான். அவன் நெருங்கி வருவதைப் பார்த்ததும் மயிலி பதறி எழுந்தாள். யாரும் கேட்காமலே கண்களை மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்தாள்.

முன்வரிசையில் ஒரு பசு, சோளத்தட்டையை மென்றபடியே சிரித்தது.

சூரனின் வால் தானாகக் காலுக்குள் சுருண்டது. தலை தொங்கிப்போயிற்று.

"வாயை மூடிக்கங்கம்மா," என்றான், வெளியே கேட்காத குரலில்.

மயிலி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"நீங்க இன்னும் மோந்து பாக்கலையேய்யா."