தோமினிக் தந்த பூங்கா

பினாங்கிலிருந்து பிழைக்க வந்து, நாமக்கல்லில் மனை விற்றே கோடீஸ்வரரான தோமினிக் இறந்து ஒரு வருடமாகிறது. தெருவுக்குத் தெரு அவர் பெயர்தான். அதுவும் போதாதென்று அவர் மனைவி செல்வமேரி ஒரு வெண்கலச் சிலையைச் செய்து லாரியில் கொண்டு வந்துவிட்டார்.

"பூங்காவுலதான் வெக்கோணும். ஊருக்கே பூங்கா குடுத்த மனுசன்" என்றார்.

தோமினிக் கார்டனில் இருபது வருடமாகக் குடியிருக்கும் நாங்கள், அந்தப் பூங்காவை மனை விற்ற நோட்டீஸில் மட்டுமே பார்த்திருக்கிறோம். அதில் ஊஞ்சல்கூட இருந்தது.

"அதை யாரோ வளைச்சு ஊடு கட்டிட்டாங்க போலிருக்குதுங்கம்மா" என்றேன், குடியிருப்போர் சங்கச் செயலாளராகிய நான்.

"எவனா இருந்தா என்ன? இடிச்சுத் தள்ளுங்க. மனுவுல நானே கையெழுத்துப் போடறேன்."

போட்டார். அதிகாரிகள் மளமளவென்று உத்தரவு கொடுத்தார்கள். பொக்லைனைக்கூட செல்வமேரியே வரவழைத்தார்.

சர்வேயர் சென்றாயன் வரைபடத்தை விரித்து, எல்லைக்கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே போனார். "திருட்டுப்பய மூஞ்சியப் பாக்கோணும்" என்று செல்வமேரி அவர் பின்னாலேயே நடந்தார். நாலாவது தெரு திரும்பியதும் செல்வமேரி மெல்லப் பின்தங்கினார்.

சென்றாயன் ஒரு பங்களா முன்னால் நின்றார். "இந்த கேட்டுல இருந்து பின்னால செவுரு வரைக்கும் பூங்காதானுங்க."

கேட்டுக்கு உள்ளே ஒரு நாய் செல்வமேரியைப் பார்த்துத் துள்ளித் துள்ளி வாலாட்டியது.

பொக்லைன் டிரைவர் வெளியூர்க்காரர். "ஏனுங்கம்மா," என்றார், "நாய் உங்களுக்குப் பழக்கமுங்களா? கொஞ்சம் புடிச்சுக் கட்டுனா வேலைய ஆரம்பிச்சரலாம்."