மனுதாரர் நேரில் வரவேண்டும்

"ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். கீழே வண்டியில படுத்திருக்காரு" என்றார் கவுன்சிலர்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனுதாரர் படுத்துக்கொண்டே வருவதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிராமத்தின் கவுன்சிலர் அவர். அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்பீக்கர் செட்' என்று பெயர். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, அவருடைய குரல்தான் முதலில் மாடிக்கு வரும். ஆள் அப்புறம்தான் படியேறுவார். இன்றைக்கு என்னவோ அந்தக் குரல் எழும்பவே இல்லை. எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கசங்கிக் கிடந்தது. சட்டைக் கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் நனைந்திருந்தன.

கொஞ்ச நாளாக அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது ஆம்புலன்ஸுக்காக. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறதென்று வண்டி பாலத்தோடு திரும்பிவிடுகிறது. ஊர்த் தச்சருக்கு நெஞ்சுவலி வந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று. அவர் பிழைத்ததே மறுபிறப்பு. எழுந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, கவுன்சிலரைக் கூப்பிட்டுப் புகாரில் கையெழுத்துப் போட்டது.

ஆனால் மனுதாரர் நேரில் வந்து நின்றால்தான் விசாரணை. இது அதிகாரியே கொண்டுவந்த விதி. செத்துப்போனவர்கள் பெயரில்கூட விளம்பரத்துக்காகப் புகார் எழுதிக் கொடுத்து, அவரை மேலதிகாரியிடம் தலைகுனிய வைத்த அரசியல்வாதிகள் உண்டு. சூடு கண்ட பூனை அவர். குற்றம் சொல்ல முடியாது.

போன கூட்டத்துக்குத் தச்சர் வரத்தான் செய்தார். பாதிப் படியில் மூச்சு முட்டி, கைப்பிடியைப் பிடித்தபடியே இறங்கிப் போய்விட்டார். மாடியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. 'மனுதாரர் வரவில்லை' என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"இன்னிக்கும் ஆள் வரலேன்னா புகாரை மூடிருவேன்னு சொல்லியிருந்தேனே?"

"அதனாலதான் சார் வந்திருக்கோம். அவர் பொண்ணுக்கு இது நிறைமாசம். நீங்க புகாரை மூடிட்டா, வலி எடுத்தா அந்தப் பொண்ணை எப்படி சார் ஆத்தைத் தாண்டிக் கொண்டு வர்றது?"

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல ஆளை மேல வரச் சொல்லுங்க."

"அவரால வர முடியாது சார். நீங்க ஒரு எட்டு கீழே வாங்க."

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மர நிழலில் ஒரு மீன் வண்டி நின்றது. திறந்த பின்கதவு ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் போர்வைக்குள் யாரோ நீட்டிப் படுத்திருப்பது தெரிந்தது. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண் சேறாகியிருந்தது.

"மீன் வண்டிதானா கிடைச்சுது உங்களுக்கு?"

"கூப்பிட்ட உடனே வந்தது அது ஒண்ணுதான் சார்."

அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோயாளியை மீன் வண்டியில் போட்டு அலுவலக வாசலுக்குக் கொண்டுவருவது, நாலு பேர் போட்டோ எடுப்பது, நாளைக்கு ஊரெல்லாம் இதே பேச்சாக இருப்பது. தேர்தல் வேறு பக்கத்தில் வருகிறது. கையும் களவுமாகப் பிடித்து இந்த நாடகத்துக்கு இன்றோடு திரை போட்டுவிட வேண்டியதுதான் என்று விறுவிறுவென்று படியிறங்கினார்.

போட்டோ எடுக்க ஒருவரும் வந்திருக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் இறங்கி வந்த வேகம் அடங்கவில்லை.

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பின்கதவுக்கு வந்தார். தச்சரின் மனைவி சட்டென்று எழுந்து ஒதுங்கி நின்றாள். இவ்வளவு பெரிய அதிகாரி தங்களுக்காக இறங்கி வந்துவிட்டாரே என்கிற நன்றி அவள் முகத்தில் இருந்தது. கவுன்சிலர் மட்டும் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பெரியவரே, இந்த நடிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்றார் அதிகாரி. "எழுந்து உட்கார்ந்து உங்க பேரைச் சொல்லுங்க. அது போதும், புகாரை எடுத்துக்கறேன்."

போர்வை அசையவில்லை.

"உங்களைத்தான் சொல்றேன். காது கேக்குதா, இல்லையா?"

அவள் குனிந்து, தலைமாட்டில் நழுவிய ஐஸ் கட்டியை இரண்டு கையாலும் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு போர்வையை முகத்திலிருந்து மெல்ல விலக்கினாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. நீங்க நேர்ல பார்க்கணும்னு சொன்னீங்களாம். அதான் அடக்கம் பண்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்தோம்."