பார்க்க வேண்டிய மூன்றாவது இடம்

எங்கள் ஒன்றிய இணையதளத்தின் சுற்றுலாப் பக்கத்தை ஏ.ஐ. இயந்திரம்தான் எழுதுகிறது. பார்க்க இரண்டே இடம் இருந்ததால், கண்மாய்க்கும் கோயிலுக்கும் அடுத்து இருளப்பன் வீட்டுச் சண்டையையும் சேர்த்துவிட்டது. தினமும் சுற்றுலா பஸ் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். புருஷன் பெண்டாட்டி ராசியாக இருக்கிற நாளில்கூட, வந்தவர்கள் ஏமாறக் கூடாதே என்று சண்டை போடுவார்கள்.

நேற்று வெள்ளத்தாய் நிஜமாகவே பெட்டியோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பயணிகள் கைதட்டினார்கள். இருளப்பன் ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்தான்.

"போகாத புள்ள. தப்பு எம்மேலதான்."

"அத பஸ் போனப்புறம் சொல்லுய்யா, நம்புறேன்."

அவன் பயணிகளைக் கையெடுத்துக் கும்பிட்டு, கிளம்பச் சொன்னான். அதற்கும் கைதட்டினார்கள். முடிவு தெரியாமல் பஸ்ஸை எடுக்கக் கூடாதென்று டிரைவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.