மிதந்தால் தப்பும்

“அஞ்சு முட்டை! ஒண்டையும் விடக்கூடாது. அஞ்சுக்கும் எண்ணெய் பூசிப்போட்டுத்தான் நீங்கள் இந்த இடத்தை விட்டுப் போகவேணும்!”

வனவிலங்குப் பாதுகாப்புக்காரர் வேனை விட்டு இறங்குமுன்பே அகஸ்ரின் தொடங்கிவிட்டார். மல்வேர்னில் குளக்கரையை ஒட்டியிருக்கும் அந்த ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கத் தலைவர். கரையில் கூடு கட்டிய கனடா வாத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கலைத்துக் கலைத்துக் கொத்துகிறதென்று இரண்டு வாரத்தில் பதினாறு தடவை போன் எடுத்தவரும் அவரேதான்.

“உந்த மனிசனுக்கு நெஞ்சுக்குள்ளை என்ன, கல்லோ?” என்று முணுமுணுத்தாள் யோகமலர்.

வனவிலங்குப் பாதுகாப்பு வேலையில் அவளுக்கு இது முதல் கிழமை. பதினெட்டு வருஷம் அவள் வேலைக்கு நின்ற பிஸ்கற் ஃபக்டரியை மூடிவிட்டார்கள். பறவைகளைப் பராமரிக்கிற வேலை என்று நம்பி வந்தவளுக்கு முதல் நாளே கையில் எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்துவிட்டார்கள்.

“வாத்து கூடிப்போச்சு அன்ரி. அதாலைதான் பெர்மிற் எடுத்துச் செய்யிறம்,” என்றாள் மேற்பார்வையாளர் செலீன். யோகமலரின் மகள் வயதுதான் இருக்கும். “சோள எண்ணெய் பூசினால் முட்டைக்குள்ளை காத்துப் போகாது. குஞ்சு உருவாகாது. சிம்பிள்.”

“தாய்க்குத் தெரியாதோ?”

“தெரியாது. பேசாமல் அடைகாத்துக்கொண்டு இருக்கும்.”

அதைத்தான் யோகமலரால் தாங்க முடியவில்லை. பூச மாட்டேன் என்றால் வேலை போகும். பூசினால் நித்திரை போகும்.

“ஒரு வழியும் இல்லையோ பிள்ளை?”

“முதல்லை தண்ணியிலை போட்டுப் பாப்பம். மிதந்தால் தொடக்கூடாது, அது ரூல். ஆனால் இது போன கிழமை இட்ட முட்டை. தாழும்.”

மிதந்தால் மட்டும் என்ன, கூழ்முட்டைதானே என்று நினைத்துக்கொண்டாள் யோகமலர். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாய்க்குக் குஞ்சு இல்லை.

அகஸ்ரினுக்குக் காது கூர்மை.

“ஓமோம், உங்கடை கடதாசியிலை வாசிச்சனான். மிதந்தால் விட்டிடுவியளாம்! நல்ல சட்டம்! குளத்துத் தண்ணி ஒரே பாசி. உதுக்குள்ளை தாழுதோ மிதக்குதோ ஆர் கண்டது? ஏமாத்து வேலை என்னட்டைச் சரிவராது. நான் வீட்டிலையிருந்து நல்ல தண்ணி கொண்டுவாறன்!”

சொன்னபடியே ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். எல்லோருக்கும் தெரியிற மாதிரி நடு இடத்தில் வைத்தார். அதற்குள் பல்கனி எல்லாம் சனம். பாதிப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செலீன் குடையை விரித்துக்கொண்டு வாத்தை மறித்தாள். அது இடப்பக்கம் பாய, இவளும் இடப்பக்கம் பாய்ந்தாள். அது சீறிக்கொண்டு வலப்பக்கம் வர, இவளும் குடையோடு வலப்பக்கம் சுழன்றாள். அரங்கேற்றத்துக்கு வந்தவர்களைப்போலப் பல்கனிக்காரர் கைதட்டினார்கள்.

அந்த இடைவெளியில் யோகமலர் முட்டைகளை எடுத்தாள். சுடச்சுட இருந்தன. மடுமாதாவையும் நல்லூர்க் கந்தனையும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு முதல் முட்டையை வாளிக்குள் விட்டாள்.

மிதந்தது.

இரண்டாவதும் மிதந்தது. கடைசியில் ஐந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மிதந்தன.

யோகமலருக்குக் கண் கலங்கிவிட்டது. “அஞ்சும் கூழ், பிள்ளை! பாவம் அந்தச் சீவன்!”

செலீனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “ஐயோ அன்ரி, அது குசினியிலை சமைக்கிற முட்டைக்கு! அடைகாத்த முட்டை மிதந்தால் உள்ளுக்குக் குஞ்சு வளந்திட்டுது எண்டு அர்த்தம். அதாலைதான் தொடக்கூடாது!”

“அப்ப… அஞ்சும் உயிரோ?”

“அஞ்சும் உயிர்!”

யோகமலர் எண்ணெய்ப் போத்தலைக் கீழே போட்டுவிட்டு மேற்பார்வையாளரையே கட்டிப்பிடித்துவிட்டாள். பதினெட்டு வருஷ பிஸ்கற் வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை.

செலீனுக்கு மட்டும் கொஞ்சம் இடித்தது. “ஆனால் எப்பிடி? போன கிழமை நான் வந்து பாக்கேக்கை நாலு முட்டைதானே கிடந்தது. அஞ்சாவது இட்டு ஒரு கிழமைகூட இராது…”

அவ்வளவுதான், அகஸ்ரின் பல்கனிகளைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்.

“பாத்தீங்களோ சனங்களே! நான் இனி என்ன செய்ய? போன் எடுத்தன், ஆக்களைக் கூப்பிட்டன், தண்ணியும் சுமந்து குடுத்தன்! மிதந்தால் விடவேணுமாம்! எழுதும் பிள்ளை, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும். நாளைக்குச் சங்கக் கூட்டத்திலை என்னைத்தான் கேப்பினம்!”

“பாவம், அங்கிளும் என்ன செய்யிறது!” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

ஐந்தும் மிதந்ததைச் செலீனும் தன் கண்ணால்தான் பார்த்தாள். படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். யோகமலர் முட்டைகளைத் துடைத்துக் கூட்டில் வைத்ததும், வாத்து ஓடிவந்து சிறகை விரித்து அவற்றின் மேல் அமர்ந்தது.

யோகமலருக்கு அகஸ்ரின் மேல் இருந்த கோபம்கூடப் பறந்துவிட்டது. போகிற போக்கில் அந்த மனிசனுக்கும் ஒரு உதவி செய்வோமென்று வாளியைத் தூக்கிக்கொண்டுபோய், அவர் வாசலில் துளிர்த்திருந்த ரோசாக் கன்றடியில் சரிக்கப் போனாள்.

வந்ததிலிருந்து கத்திக்கொண்டே நின்ற அகஸ்ரின் விழுந்தடித்து ஓடிவந்து வாளியைப் பிடித்தார். பல்கனிகளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் காதோடு மெல்லச் சொன்னார்:

“ஊத்திப் போடாதை தங்கச்சி, கண்டு பட்டுப்போகும். உதுக்குள்ளை ரெண்டு பை உப்புக் கிடக்கு.”