லீவு முடியும் தேதி

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இன்டர்நெட் கடையில், ரபாயேல் மவுஸைக் குத்திக்கொண்டிருந்தார்.

"செட்டிங்ஸ் பட்டன் வேலை செய்ய மாட்டேங்குது மகள்."

"மண்வெட்டி போடுற மாதிரி குத்தாதீங்க அங்கிள், உடைஞ்சிரும்," என்று சிரித்தாள் கடைக்காரப் பெண் பரீனா.

"இன்னிக்கே மாத்தாட்டி, நாளையில இருந்து மகன்கிட்ட இருந்து பதில் வராது."

"விளம்பரத்தைத் தடுக்க ஒண்ணு போட்டேன். அதுதான் இதையும் தடுக்குது." அவள் அதை நிறுத்தியதும் பட்டன் வேலை செய்தது. லீவில் இருப்பவருக்காகத் தானாகவே பதில் அனுப்பும் பக்கம் திறந்தது.

"மகனோட ஈமெயிலா? லீவு இன்னியோட முடியுதே, நிப்பாட்டவா?"

"ஐயோ, வேணாம்! போன வருசம் மாதிரியே தேதிய அடுத்த வருசத்துக்குத் தள்ளு."

தள்ளினாள். ரபாயேல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தன்னுடைய ஈமெயிலைத் திறந்து, மகனுக்கு எழுதினார்: 'சாப்பிட்டியா கபிரியேல்?'

உடனே பதில் வந்தது: 'நத்தார் பண்டிகை லீவுக்கு வீட்டுக்குப் போகிறேன். வந்ததும் பதில் எழுதுகிறேன்.'

வீட்டுக்கு வரக் கொழும்பில் பஸ்ஸுக்கு நின்றவனை யாரோ வெள்ளை வேனில் பிடித்து ஏற்றிக்கொண்டு போய், இரண்டு நத்தார் கழிந்துவிட்டது.