நாலாவது டிரைகிளீனர்

கீழ்வீட்டு டீச்சரம்மாவைப் போல் புருஷனைத் தாங்குகிறவள் உண்டா என்று தெருவே வாயைப் பிளந்தது. பின்னே? அவர் உயிராய் வைத்திருக்கும் வாலிப காலத்துக் கோட்டு, சட்டைகளை நம்பிக் கொடுக்க ஒரு டிரைகிளீனரைத் தேடி, வாரம் ஒரு கடையாக ஏறி இறங்கினாளே!

முதல் கடையிலிருந்து நீலக் கோட்டு, பொம்மைக்குப் போடலாம் போலச் சுருங்கி வந்தது. இரண்டாவது கடை, பட்டுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சை வைத்து அனுப்பியது. மூன்றாவது கடைக்குப் போன சால்வை சல்லடையாய்த் திரும்பியது.

"என் துணிக்கு மட்டும் என்னடி சனியன் பிடிச்சிருக்கு?" என்று கத்தினார் கணவர்.

"கோவிச்சுக்காதீங்க, வேற கடை பார்க்கிறேன்."

நாலாவது கடையிலிருந்து கல்யாணக் கோட்டு புத்தம் புதிதாய் வந்தது. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் உருகினார் கணவர்.

"அப்பாடா! இனிமே எல்லாத்தையும் இங்கேயே கொடு."

"அதுக்குத்தானே இவ்வளவு அலைஞ்சேன்" என்ற டீச்சரம்மா, பீரோவிலிருந்து ஒரு பழைய பட்டுப்புடவையை எடுத்துப் பையில் வைத்தாள்.

"இது உங்கம்மா புடவையாச்சே?"

"ஆமா. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை, 'எந்தக் கடையா இருந்தா என்ன'ன்னு தெருமுனையில கொடுத்து நாசம் பண்ணிட்டீங்க. மிச்சம் இது ஒண்ணுதான். இதை வச்சுக் கடையைச் சோதிச்சுப் பார்க்க முடியுமா?"

கணவருக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. "அப்போ என் துணியெல்லாம்..?"

டீச்சரம்மா நிதானமாகச் செருப்பை மாட்டினாள்.

"உங்க அதிர்ஷ்டம், நாலாவது கடையே நல்ல கடையா அமைஞ்சிடுச்சு. இல்லேன்னா அடுத்த வாரம் அந்தச் சாம்பல் கலர் சூட்டு போயிருக்கும்!"