என்ஜின் ஓடாமல் ஏறிய மலை

“சொன்னா நம்புங்க ராடின்கா அக்கா! போன வருஷம் கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஏத்தத்துல என் கார்ல என்ஜினே ஓடல. ஆனாலும் நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன்!”

கையிலிருந்த, இறைச்சி அடைத்த புரெக் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வெலிமிர் சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியைப் பாதியாக்கி, அதையும் நம்பாமல் விடுவதுதான் அந்தச் செர்பிய மலையூரின் வழக்கம்.

எதிர் மேசையில் தயிர் குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒப்ராடுக்குப் புரை ஏறியது.

“என்ஜின் ஓடாம மலை ஏறுச்சா? உச்சிக்குப் போய் என்ன பண்ணுச்சு மச்சான், முட்டை போட்டுச்சா?”

புரெக் கடைக்காரி ராடின்கா சிரிக்கவில்லை. அவளுடைய கவலை அவளுக்கு.

நாளை மறுநாள் புனித இலியா திருவிழா. விடியற்காலையில் மணி அடித்ததும், கடை போடுகிறவர்கள் எல்லாரும் சரக்கோடு வண்டியைக் கிளப்பி மலையுச்சி தேவாலயத்துக்குப் பறப்பார்கள். முதலில் வாசலைத் தொடுகிறவருக்கு வால்நட் மர நிழல். கடைசியில் வருகிறவருக்குக் கழிப்பறைப் பக்கம். மூன்று வருடமாக ராடின்காவின் கிழட்டு வேன், இருநூறு புரெக்கைச் சுமந்துகொண்டு இருமி இருமிக் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கழிப்பறைக்குப் போகிறவன் மூக்கைப் பிடிப்பானா, புரெக்கைப் பிடிப்பானா? இந்த முறையும் அதே இடமென்றால், அடுப்பை அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

“வேனுக்கு வேகம் வர என்ன பண்ணலாம்னு கேட்டா, ஆளுக்கொரு கதை சொல்றீங்களே!” என்றாள்.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வெலிமிர், சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

“என்ஜின் கம்ப்யூட்டர். எப்போ எவ்வளவு பெட்ரோல் விடணும்ங்கிற கணக்கெல்லாம் உள்ளேயே எழுதி வந்திருக்கு. பழசைக் கழட்டணும், இதை மாட்டணும். பத்தே நிமிஷம். என் கார்ல இருக்கிறதும் இதேதான்.”

“எவன் வண்டிக்கோ எழுதின கணக்கு அக்கா அது,” என்றான் ஒப்ராட். “உங்க வேன் வயசு என்ன, எத்தனை கிலோ ஏத்துறீங்க, எத்தனை வளைவு, அதுக்கென்ன தெரியும்? நான் லேப்டாப்போட உங்க பக்கத்துல உட்காருவேன். பின்னால புரெக் தட்டை முழுசா ஏத்திக்கிட்டு இதே மலையில நாலு தடவை போவோம். எந்த வளைவுல எவ்வளவு பெட்ரோல்னு பார்த்துப் பார்த்து எழுதுவேன். ஒரு நாள் குடுங்க.”

“போகும்போதே பாதி புரெக்கைத் தின்னுடுவான் அக்கா. பாரம் குறையும், வேகம் வரும். இதுதான் இவன் டியூனிங்!”

“உன் பெட்டி ஏத்தத்துல திணறி நின்னுடும்டா!”

“நின்னதே! அதைத்தானே சொல்றேன். போன வருஷப் பனிமூட்டம் ஞாபகம் இருக்கா? என் கார் மூக்கே எனக்குத் தெரியல. மேல்வளைவு தாண்டினதும் என்ஜின் மூச்சை விட்டுடுச்சு. போச்சுடான்னு சிலுவை போட்டுக்கிட்டேன். அப்போ இந்தப் பெட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? சேர்த்து வச்சிருந்த சக்தியையெல்லாம் எடுத்து உந்துச்சு பாருங்க ஒரு உந்து! கார் பாட்டுக்குப் போகுது. நான் ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு, பிளாஸ்கைத் திறந்து ரெண்டு கப் காபி குடிச்சேன். கூடவே பறந்து வந்த கழுகு முடியாம மரத்துல உட்கார்ந்துடுச்சு.”

“பனியில கார் மூக்கு தெரியல, கழுகு மட்டும் தெரிஞ்சுதா?”

“அதுக்கு மூச்சு வாங்கினது கேட்டுச்சுடா!”

ஒப்ராட் மேசையில் ஓங்கி அடித்தான். “புழுகு! என்ஜின் நின்னா ஏத்தத்துல கார் பின்னாலதான் உருளும். பெட்டியில சக்தி சேருமாம். அது என்ன, உண்டியலா?”

“ரெண்டாவதா வந்தவனுக்கு வயிறு எரியுது. விடுங்க அக்கா.”

ராடின்கா யோசித்தாள். கழுகை அவள் நம்பவில்லை. காபியில் ஒரு கப்பை நம்பினாள். ஆனால் வால்நட் மரத்தடியில் வெலிமிர் திருவிழாக் கடை போட்டுப் பிராந்தி விற்றதை, போன வருடம் கழிப்பறைப் பக்கமிருந்து நாள் முழுக்கப் பார்த்தவள் அவள்தானே!

“ஒப்ராட், அவன் சொல்றது பொய்யாவே இருக்கட்டும். முதல்ல வந்தது அவன். நீ பார்த்துப் பார்த்து எழுதின உன் காரு ரெண்டாவது. அது எப்படி?”

ஒப்ராடின் காது மடல் சிவந்தது.

“அது... பனி அக்கா.”

“எல்லாருக்கும் அதே பனிதானே? சரி வெலிமிர், பெட்டியையே மாட்டு.” கை மாவைத் துடைத்துக்கொண்டு வேன் சாவியை எடுத்தாள்.

வெலிமிர் மீசையை நீவிக்கொண்டு எழுந்தான். அவன் வாசலை எட்டுவதற்குள் ஒப்ராட் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான்.

“நில்லுங்க அக்கா! ஊர் சிரிக்குமேன்னு ஒரு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னது நிஜம். கடைசி ரெண்டு கிலோமீட்டர் அவன் என்ஜின் ஓடல. ஆனாலும் அவன் கார் ஏறுச்சு.”

“கேட்டீங்களா!” என்று துள்ளினான் வெலிமிர்.

“ஒரே ஒரு வண்டி போற பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பின்னால பதினேழு பேர் ஹாரன் அடிக்கிறாங்க. நான் வேற என்னதான் பண்றது?” ஒப்ராட் தலையில் அடித்துக்கொண்டான். “என் கார் மூக்கை இவன் கார் முதுகுல முட்டுக்கொடுத்து, உச்சி வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து இவனை ஜெயிக்க வச்சதே நான்தான் அக்கா!”